எந்தத் தேவகி?

ஐந்தாம் வகுப்பில் இரண்டு தேவகிகள் இருந்தார்கள்.

பொங்கல் வரைக்கும் ஒருத்திதான் இருந்தாள். பொங்கலுக்குப் பிறகு சேத்துப்பட்டிலிருந்து இன்னொரு தேவகி வந்து சேர்ந்தாள். அவள் அப்பா பெயர் பலராமன். அதனால் அவள் ப. தேவகி.

பழைய தேவகியின் பெயருக்கு முன்னால் எந்த எழுத்தும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது யாரும் கேட்கவில்லை. பிறகும் யாரும் கேட்கவில்லை.

"தேவகி, கணக்கு நோட்டை எடுத்துகினு வா" என்று குணசுந்தரி டீச்சர் ஒருநாள் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"எந்த தேவகி டீச்சர்?"

"ப. தேவகி இல்லம்மா. இன்னொருத்தி. வெறும் தேவகி."

டீச்சர் கேலியாகச் சொல்லவில்லை. அது 1979-ஆம் வருடம், பங்குனி வெயில். ஓட்டுக் கூரைக்குக் கீழே காலையிலிருந்து பேசிப் பேசி அவர் களைத்திருந்தார். ஆனால் வகுப்பு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது.

"வெறும் சோறு, வெறும் டீ, வெறும் தேவகி!" என்றான் சக்கரவர்த்தி.

தேவகி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். சக்கரவர்த்தி சொன்னது உண்மைதானே என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் அவளைத் தனியாக நிறுத்தினார்.

"ஆறாவதுக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவணும் இல்ல? நான் டி.சி. எழுதணும். இனிஷியல் இல்லாம எழுதினா அங்க சேர்த்துக்க மாட்டாங்க. வீட்ல கேட்டுகினு திங்கக்கிழமை வந்து சொல்லு."

"அம்மா பேர் கன்னியம்மாள். 'க' போட்டுக்கலாமா டீச்சர்?"

"அப்பா பேரைத்தாம்மா போடறது வழக்கம்" என்றார் டீச்சர்.

வீட்டில் கன்னியம்மாள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். விடிந்ததிலிருந்து இருட்டும் வரைக்கும் ராட்டை சுற்றும். அவள் பேசுவது அபூர்வம்.

தேவகி அவள் பெற்ற பெண் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும், தேவகிக்கும் தெரியும். பேசப் பழகிய வயதில் அவள் ஆரணி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியவர்கள் கேள்வி கேட்டார்கள்.

"உன் பேர் இன்னா பாப்பா?"

"தேவகி."

"அப்பா பேர்?"

"அப்பா."

"எந்த ஊரு?"

"வீடு."

அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. தனியாக இருந்த கன்னியம்மாள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மதியம் தேவகி மெல்ல ஆரம்பித்தாள்.

"யம்மா, இனிஷியல் கேக்கறாங்க."

ராட்டை சுற்றியது.

"இல்லன்னா ஆறாவதுல சேர்த்துக்க மாட்டாங்களாம்."

"இல்லாததுக்கு நான் எங்க போவேன்?"

"ஏதாவது ஒரு பேர் சொல்லிடலாமா? பன்னீர்செல்வம், ஜெகநாதன்... எவ்ளோ பேர் கீது."

ராட்டை நின்றது. "பொய்ப் பேரா? நாளைக்கு அந்த ஜெகநாதன் வந்து வாசல்ல நின்னா இன்னா சொல்லுவே?"

"அப்ப நான் ஆறாவது?"

கன்னியம்மாள் அறுந்த நூலைத் தேடி எடுத்து முடிபோட்டாள். அதற்கு ரொம்ப நேரம் ஆனது.

"சேர்க்கலன்னா இங்கயே உக்காந்து தார் சுத்து. நானும் அதத்தானே பண்ணிகினு கீறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவகி சண்டை போட்டிருப்பாள்.

"இந்தா, சுப்பராயலு வீட்ல இதைக் குடுத்துட்டு ஜல்தி வா."

தார்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவகி நடந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் தறிக்காரர் சுப்பராயலுவின் வீடு. ஜெயவேலின் சோடாக் கடை முன்னால் சின்னக் கூட்டம். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பெல்லாம் செம்மண்.

"உங்க பேர் இன்னா சார்?" என்று ஜெயவேல் கேட்டார்.

"ஆர்னி" என்றார் வெள்ளைக்காரர்.

"ஆரணி இதான் சார். வந்துட்டீங்க. உங்க பேரைக் கேட்டேன்."

"ஆர்னி. நான் ஆர்னி."

"ஐயோ, இதான் சார் ஆரணி! இதுக்கு மேல பஸ் ஏற வேணாம். ஏறினா வேற ஊருக்குப் போயிடுவீங்க."

"நான் காலையிலிருந்து ஆர்னியைத் தேடுகிறேன்" என்றார் அவர், புத்தகத்தில் இருப்பது போன்ற தமிழில்.

கூட்டத்தில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாவம், வெயில் ஏறிட்சு. ஆரணியில நின்னுகினு ஆரணியைத் தேடறார்."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

தேவகி போகவில்லை. பெயரைச் சொல்லியும் யாரும் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், உங்க பேரே ஆர்னியா?"

அவர் கண்ணைத் திறந்தார். "ஆமாம்! தாமஸ் என்பது என் பெயர். ஆர்னி என்பது குடும்பத்தின் பெயர். என் அப்பா ஆர்னி. அவருடைய அப்பாவும் ஆர்னி."

"அட! முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்றார் ஜெயவேல்.

"எட்டுத் தடவை சொன்னேன்."

ஜெயவேல் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

தாமஸ் சார் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். அடுத்த வாரம் ஒரேயடியாகத் தம் நாட்டுக்குத் திரும்பப் போகிறார். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"எங்கள் நாட்டில் ஆர்னி என்ற பெயர் மிகவும் அபூர்வம். டெலிபோன் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு கடற்கரை ஊரில்தான் ஆர்னிகள் இருக்கிறார்கள். எல்லோரும் எங்கள் சொந்தம். வேறு எங்குமே இல்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? என் அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கண்ணும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் இதைத்தான் கேட்கிறார்."

"யாருக்குமே தெரியாதா சார்?"

"ஒருவர் அது கழுகின் பெயர் என்றார். இன்னொருவர் ஒரு கோட்டையின் பெயர் என்றார். எங்கள் வீட்டில் சொல்வது கொஞ்சம்தான். வெகு காலத்துக்கு முன்னால் வில்லியம் என்ற பையன், பட்டாளத்தில் முரசு அடிப்பவன், மதராஸிலிருந்து கப்பலில் வந்தான். அவன்தான் முதல் ஆர்னி. அவன் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது."

தேவகி கூடையை இறக்கி வைத்தாள்.

"போன மாதம் ஒரு பழைய வரைபடத்தில் இந்த ஊரின் பெயரைப் பார்த்தேன். எங்கள் பெயரில் உள்ள அதே எழுத்துகளில் எழுதியிருந்தது; ஆரணி என்று காதால் கேட்டபோது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் ஆர்னி என்ற வெள்ளைக்காரக் குடும்பம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஊருக்கே அவர்கள் பெயரை வைத்திருக்கிறார்கள்!"

"இன்னா சார் இது, எங்க ஊருக்கு நீங்க பேர் வச்சீங்களா?" ஜெயவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்காளுங்க கப்பல் ஏறாத காலத்துலயே இது ஆரணி!"

"எனக்குத் தெரியவில்லை. கோட்டைப் பக்கம் போனேன். கல்லறைகளைப் பார்த்தேன். எங்கேயும் ஆர்னி என்று ஓர் அப்பா இல்லை." அவர் சோடாவைப் பாதியில் கீழே வைத்தார். "ஐந்து மணி பஸ்ஸில் போக வேண்டும். அப்பாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை."

நிழல் இல்லாத பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா பெயரைத் தேடி ஊரெல்லாம் நடந்தால் இவ்வளவு களைப்பு வருமா என்று தேவகி நினைத்துக்கொண்டாள். தேடாமல் சும்மா இருந்தாலும் வருகிறதே என்றும் நினைத்தாள்.

பஸ் மேலே சோடாப் பெட்டி ஏற்ற வேண்டியிருந்தது. ஜெயவேல் கத்தினார். "முருகேசா!"

இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. "இன்னாணா?" "எந்த முருகேசன்ணா?"

"போளூர் முருகேசா, நீ வா. செய்யாறு முருகேசன் சாப்பிடட்டும்."

போளூர் முருகேசன் வந்து பெட்டியைத் தூக்கினார்.

தேவகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி பஸ் மேலே போகும் வரைக்கும் பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள்.

"சார், உங்க ஊர்ல வில்லியம்னு நெறைய பேர் இருப்பாங்களா?"

"வில்லியமா? தெருவுக்குப் பத்துப் பேர்."

"அப்ப அந்தக் கப்பல்ல?"

"ஒரு பட்டாளத்துக்கே குறைந்தது இருபது வில்லியம் இருந்திருப்பார்கள்."

"அப்ப அவன் பேரைக் கூப்பிட்டா எல்லாரும் எழுந்திருப்பாங்க சார். எந்த வில்லியம்னு கேட்டிருப்பாங்க. மத்தவங்க எல்லாம் அப்பா பேர் சொல்லியிருப்பாங்க. இவனுக்குச் சொல்லத் தெரியல. ஊர்தான் தெரியும். ஆரணி வில்லியம்னு சொல்லியிருப்பான்."

தாமஸ் சார் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

"நீங்க ஆர்னின்னு ஒரு அப்பாவைத் தேடறீங்க சார். அப்படி யாருமே இல்ல. எங்க ஊர்தான் இருந்திச்சு. அந்தக் கடற்கரை ஊர்ல கப்பல் வந்து நிக்குமா?"

"நிற்கும். பெரிய துறைமுகம்."

"அங்கயே எறங்கி, அங்கயே இருந்துட்டான். அதான் வேற எங்கயும் ஆர்னி இல்ல."

ஜெயவேல் தோள் துண்டை உதறினார். "அட, வாஸ்தவம்தான் சார். சின்னப் பையன், இன்னா பண்ணுவான்?"

"அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கறேன் சார். நிச்சயமா தெரியாது" என்றாள் தேவகி.

தாமஸ் சார் தலையைக் குனிந்துகொண்டார். தேவகிக்குப் பயம் வந்தது. கழுகு, கோட்டை என்று கேள்விப்பட்டிருந்தவரிடம் போய் அப்பா இல்லாத பையனைச் சொல்லிவிட்டோமே.

"வருத்தமா சார்?"

"இல்லை." அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் முன்பை விட லேசாக இருந்தது. "அவனுக்கு ஒரு பெயரும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஒரு முழு ஊரையே கையோடு எடுத்து வந்திருக்கிறான். அப்பாவிடம் சொல்கிறேன். சிரிப்பார். கழுகு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது."

வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார்.

"உன் பெயரைக் கேட்கவே இல்லையே."

"தேவகி."

அவர் போளூர் முருகேசனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். "எந்தத் தேவகி?"

இந்தக் கேள்வி இத்தனை நாளும் அவளை அழ வைத்திருக்கிறது. இப்போது அழுகை வரவில்லை.

"ஆரணி தேவகி" என்றாள்.

"அப்படியென்றால் நீ எங்களுக்குச் சொந்தம்" என்றார் தாமஸ் ஆர்னி. கையைக் கூப்பிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

சுப்பராயலு வீட்டில் கூடையைக் கொடுத்துவிட்டு அவள் ஓடியே வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். கன்னியம்மாள் ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். கேட்டு முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"யம்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற?"

"ஆ" என்றாள் கன்னியம்மாள்.

"இன்னாம்மா?"

"சொல்லிப் பார்த்தேன். ஆ. தேவகி." அவள் இன்னொரு குழலை எடுத்து மாட்டினாள். "பொய் இல்ல. நல்லாத்தான் கீது."

திங்கட்கிழமை தேவகி எழுத்தைச் சொன்னதும் டீச்சர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஆ-ன்னா அப்பா பேரா?"

"இல்ல டீச்சர், ஊர் பேர். ஆரணி."

டீச்சர் எழுதவில்லை. பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"ஊர் பேரா..." என்றார் டீச்சர். தமக்குத் தாமே பேசிக்கொள்வது போல இருந்தது. "என் பேர்லயும் ரெண்டு எழுத்து இருக்கு. மு. அ. குணசுந்தரி. 'அ' எங்க அப்பா அருணாச்சலம். 'மு' முள்ளிப்பட்டு. ஊர் எழுத்தை ஒருத்தரும் வேணாம்னு சொன்னதில்ல. இத்தனை நாள் எனக்கே தோணலை பாரு."

எழுந்து தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். திரும்பி வந்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார்: ஆ. தேவகி.

இடைவேளையில் செய்தி பரவிவிட்டது.

"நானும்தான் ஆரணி!" என்று சக்கரவர்த்தி கத்தினான். "எனக்கும் 'ஆ' வேணும்!"

"போட்டுக்கோ" என்றாள் தேவகி. "ஊர் பெருசுதானே."

ப. தேவகி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். கூட்டம் போன பிறகு மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"நான் சேத்துப்பட்டு. எனக்குக் கிடைக்காது இல்ல?"

தேவகி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இரு" என்றாள் ஆ. தேவகி. "பார்க்கலாம்."