மார்வல்லான் ஊற்றிய மருந்து

நிலவூரில் இதய வால்வு மாற்றுவதென்றால், பூமியில் குழாய்க்கு வாஷர் மாற்றுகிற மாதிரி. நிலவின் அரைகுறை ஈர்ப்பில் இதயம் சோம்பேறியாகிவிடும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மாரைத் திறந்து புது வால்வு வைத்தே ஆக வேண்டும். "அவருக்கு வால்வு, வர்ற வழியில கீரை" என்று பெண்கள் ஒரே நடையில் இரண்டையும் முடித்துக்கொண்டு வருவார்கள்.

பொன்னம்பலம் கத்திக்குப் பயந்தவர் அல்ல. அவர் பயமெல்லாம் மனைவியின் அண்ணன் ஞானவடிவேலை நினைத்துத்தான். போன தடவை ரத்தம் நிற்காமல் கசிந்தபோது இரண்டு பாட்டில் கொடுத்த புண்ணியவான் அவர். அன்றிலிருந்து எந்தப் பந்தியிலும் முதல் இலை அவருக்குத்தான். பொன்னம்பலம் தாயத்தில் ஜெயித்தால், "ஓடுறது யார் ரத்தம்?" என்பார். பாகற்காயை ஒதுக்கினால், "என் ரத்தத்துக்கு அது பிடிக்குமே மாப்ளே" என்பார்.

"இந்தத் தடவை அவர் ரத்தம் ஒரு சொட்டு உள்ளே வரக் கூடாது" என்று அறுவை ரோபோவான மார்வல்லானிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் பொன்னம்பலம்.

"வராதுங்க. உறைகாப்பு நீர் வந்திருக்கு. மாரை மூடறதுக்கு முன்னாடி இதயத்து மேலயே ஊத்திடுவேன். உறைஞ்ச ரத்தத்தைக் கரைய விடாது. கசிவு கம்மியாயிடும்."

அப்படியே ஆயிற்று. மாரில் செருகிய வடிகுழாயில் வந்த ரத்தம் ஒரு கரண்டி ரசம் அளவுகூட இல்லை. ஒரு வாரமாகப் பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் தின்று செக்கச் செவேலென்று ஊறி, சட்டைக் கையை மடித்து வெளியே காத்திருந்த ஞானவடிவேலிடம், "ரத்தம் வேணாம் சார், வீட்டுக்குப் போங்க" என்றாள் நர்ஸ். பரம்பரைச் சொத்தைப் பறிகொடுத்தவர் போல அவர் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பொன்னம்பலத்தின் ஆனந்தம் பேத்தியின் காதுகுத்து வரைக்கும்தான் தாங்கியது. அங்கே முதல் வரிசையில், நடு நாற்காலியில், மார்வல்லான்.

நோயாளிகளிடம் அன்பாகப் பேசட்டுமே என்று ஆஸ்பத்திரிக்காரர்கள், உறவினர் காத்திருக்கும் கூடத்துப் பேச்சையெல்லாம் அதற்குப் புகட்டியிருந்தார்கள். அன்பென்றால் இதுதான் என்று அதுவும் பிடித்துக்கொண்டது.

"இவர் நெஞ்சைக் காப்பாத்துனது நான் ஊத்துன மருந்து" என்று அது சபை கேட்கச் சொன்னது. "ஒரு வாய் காபி வேணுமான்னு கேட்டாரா?"

"நீ காபி குடிப்பியா?" என்றார் பொன்னம்பலம்.

"குடிக்க மாட்டேன். கேக்கலாம்ல?"

பந்தியில் அவர் பாகற்காயை ஒதுக்கியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் மருந்து ஊத்துன இதயத்துக்கு அது நல்லதாச்சே."

ஞானவடிவேலாவது சளி பிடித்தால் ஒரு நாள் மறந்திருப்பார். மார்வல்லானுக்கு மறதி என்ற பாகமே பொருத்தவில்லை.

பொன்னம்பலம் இலையை விட்டு எழுந்து, மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மச்சானிடம் போனார்.

"மச்சான், அடுத்த தடவைக்கு ரெண்டு பாட்டில் குடுப்பீங்கல்ல?"

"அன்னிக்கு வேணாம்னீங்களே மாப்ளே. பாக்கலாம்" என்றார் ஞானவடிவேல். கை மட்டும் தானாகச் சட்டையை மடிக்க ஆரம்பித்திருந்தது.