பாலத்தடியில் ஏறிய தண்ணீர்

ஊர்த்தலைவர் ஒபாலா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நிசோயா ஆற்றுக்கு வெள்ள எச்சரிக்கைத் திட்டம் எழுதும் நெரிமா, மடிக்கணினியோடு அவருக்கு எதிரில். கதவோர பெஞ்சில் படகுக்காரர் எகேசா, பறவை எச்சம் படிந்த தொப்பியோடு. வரவழைக்கப்பட்ட இன்ஸ்பெக்டர் முகுடிக்கு ஜன்னலடி நாற்காலி.

“பாலத்தடியில இவ மாட்டின தண்ணி மட்டப் பெட்டி கத்துச்சுன்னு மூணு சாயங்காலம் ஆடு மாட்டோட கரைமேட்டுல ஏறினோம்,” என்றார் ஒபாலா. “ஆத்துல ஒரு சாண் ஏறல. அடுத்து நெஜ வெள்ளம் வந்தா ஒரு பய நகரமாட்டான். எவன் கை வச்சான்னு சொல்லுங்க. இல்லன்னா இன்னிக்கே பெட்டியோட லைனைப் பிடுங்குறேன்.”

“பழைய வருஷத்து மட்டக் கணக்கைக் கொடுத்துச் சோதிச்சப்ப சரியாத்தான் சார் இருந்துச்சு,” நெரிமா படபடத்தாள். “ஆத்துலேர்ந்து நேரடியா வர்ற தகவலை இணைச்சதும்தான் இப்படி. யாரோ உள்ள புகுந்து—”

“திரையில மட்டம் ஏறி இறங்குற கோட்டைக் காட்டும்மா,” என்றார் முகுடி.

அதை நிதானமாகப் பார்த்தார்.

“வெள்ளம்னா கொஞ்சம் கொஞ்சமா ஏறும். இது ஒரே தாவலா ஏறி, இருட்டினதும் அப்படியே இறங்குது. ஆத்துல இன்னும் கீழ இருக்குற பாலத்துப் பெட்டியில அசைவே இல்ல. பெட்டி கீழ ஒலி அனுப்பும். எதுல பட்டுத் திரும்புதோ அதைத் தண்ணின்னு நம்பும், அடியில ஒரு படகு நின்னாக்கூட. பழைய கணக்கை ஒரு ஆள் கண்ணால பார்த்து எழுதினார். அவருக்குப் படகு தெரியும், பெட்டிக்குத் தெரியாது.” எகேசாவின் தொப்பியைப் பார்த்தார். “பாலத்தடியில குருவிக் கூடு நெறைய இல்ல, எகேசா அண்ணே?”

எகேசா தொப்பியைக் கழற்றினார்.

“பொஞ்சாதி செத்துப்போனப்புறம் சாயங்காலத்துல வீட்டுல இருக்க முடியல. படகுல பெட்டிக்கு அடியில போனா அதுல பச்சை விளக்கு வேகமாச் சிமிட்டும். அந்தப் பக்கம் யாரோ என்னைப் பார்த்துட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க ஓடினது என்னாலன்னு தெரியாது.”

“யோவ், என் வீட்டுக்கு வந்திருக்கலாமே!”

“கூப்பிட்டீங்களா, தலைவரே?”



“மட்டம் ஏறினா அது அடிக்கடி தகவல் அனுப்பும், மாமா. அதான் சிமிட்டல்,” என்றாள் நெரிமா.

“அப்போ அந்தப் பக்கம் யாருமே இல்ல?”

அவள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். “நான் இருந்தேன். கிசுமு டவுன்ல, ஒரு ரூம்ல, திரையைப் பார்த்துக்கிட்டு, தனியா.”

தலைமை அலுவலகத்துக்கு அங்கேயே ஒரு தாளில் எழுதினாள். நேரடித் தகவல் தொடர வேண்டும். மட்டம் ஒரே தாவலாக ஏறினால், எச்சரிக்கைக்கு முன் ஆற்றோரம் ஒருவரை அழைத்துக் கேட்க வேண்டும். அவர் எகேசா. அவருக்கு ஒரு போன் தேவை. பிழைக்குக் காரணம், படகு. யாருடையது என்று எழுதவில்லை.

ஒபாலா படித்தார், முத்திரை குத்தினார். உறையை ஒட்டி, கிசுமு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.