இடது காதில் ஒரு பள்ளம்

பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் ஒரு சத்தம் நின்றது.

எது நின்றது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஹெட்ஃபோனை மாட்டி, தம்பி காலையில் போனில் போட்டுக்கொடுத்த அமைப்பை முதல் தடவையாக ஓடவிட்ட நொடியில் அது நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் வழக்கம்போல முனகியது, மாடிப்படியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள், அடுத்த வீட்டுக் குழந்தை ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது, ஜன்னல் திரையின் வளையங்கள் கம்பியில் மெல்ல உரசின. எல்லாம் இருந்தபடியே இருந்தன. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து போனதுபோல் இருந்தது.

தோள்கள் தாமாக இறங்கின. இத்தனை நாள் அவை தூக்கிக்கொண்டு நின்றதே அவளுக்குத் தெரியாது.

பிறர் பேசியதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. கம்பெனிக் கூட்டங்கள், விசாரணைகள், யாரும் திரும்பப் படிக்காத உரைகள். இவ்வளவு வருடமும் காதுதான் சோறு போட்டது. இப்போது அது கைவிடத் தொடங்கியிருந்தது. வாக்கியங்களின் கடைசிச் சொற்கள் பஞ்சில் விழுந்ததுபோல் கேட்டன. மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போன வாரம் போனில் சொல்லிவிட்டாள்: “இன்னொரு தடவை இவ்வளவு தப்பு வந்துச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க.”

தம்பி ஆடியோ கடையில் இருப்பவன். விஷயம் கேள்விப்பட்டு அன்று காலை புது ஹெட்ஃபோனோடு வந்தான். ஒரு சின்ன மைக் வழியாக வெளிச் சத்தத்தையும் உள்ளே விடும் வகை.

“காதுக்கு ஒரு டெஸ்ட் இருக்குக்கா. சின்னச் சின்னதா கூவும். கேட்டா இந்தப் பொத்தானை அழுத்து. உனக்குக் கேக்காததை ஏத்தி, அதிகமா கேக்கறதை இறக்கி, ஈக்வலைசரை அதுவே போட்டுக்கும்.”

“ஏத்தி, இறக்கி,” என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. “பாடுனவன் ஒரு மாதிரி பாடியிருப்பான், நீங்க உங்க இஷ்டத்துக்கு அதுக்கு மூக்கு முழி வைப்பீங்க. உள்ளதை உள்ளபடி கேக்கணும்டா.”

“அத்தான், நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே பேப்பர் படிக்கறீங்க? கழட்டி வச்சிட்டு உள்ளதை உள்ளபடி படிங்களேன்.”

“கண்ணாடி எதையும் கூட்டிக் காட்டாதுடா.”

“உங்க மூக்கை நல்லாவே கூட்டிக் காட்டுது.”

அவள் சிரிக்க நினைத்தாள். சிரிப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

சோதனை முடிந்ததும் காதுக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் திரையில் வந்தன. வலது காதின் கோடு மெல்ல ஏறி இறங்கியது. இடது காதின் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து, கிணற்றுக்குள் போய் வந்ததுபோல் மேலே ஏறியது.

தம்பி உதட்டைப் பிதுக்கினான். “இந்த இடத்துல அது சத்தமே போடலக்கா. நீ பாட்டுக்கு அழுத்தியிருக்கே.”

“கேட்டுச்சு, அழுத்தினேன்.”

“என்ன கேட்டுச்சு?”

அவள் இடது காது மடலைத் தேய்த்துக்கொண்டாள். “தூக்கக் கலக்கம்டா,” என்றாள்.

“சரி விடு. உனக்கு ரொம்ப அதிகமா கேக்குதுன்னு நெனச்சு, அந்த இடத்தைச் சுத்தமா இறக்கி வச்சிருக்கு. குரல் தெளிவா இருந்தா போதும்ல?”

மூன்று மணிக்கு மாட்டியபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது. பஞ்சில் விழுந்த சொற்கள் தரையில் விழுந்தன. இருமலுக்கு முந்தைய மூச்சு, காகிதம் புரளும் ஓசை, மேசைக்கு அந்தக் கோடியில் ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட “ஆமா, கிழிச்சே” கூடக் கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு ஒரு பதிவை நிறுத்தாமல் முடித்தாள். இருட்டும் முன்பே மறுநாள் வேலையையும் தொட்டுவிட்டாள். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

நின்ற சத்தம் திரும்பி வந்தது.

இப்போது அது எது என்று தெரிந்தது. இடது பக்கம், தோளுக்குச் சற்று மேலே, தாழ்ந்த குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டு எழுதுகிறவர்கள் மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் சொல்லிக்கொள்வார்களே, அப்படி.

“காபி ஆறுது பாரு,” என்றார் கணவர்.

காபி ஆறுது பாரு, என்றது அது.

அவள் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பயம் பிறகுதான் வந்தது. இது புதிய சத்தம் இல்லை என்பது முதலில் உறைத்தது. வருடக்கணக்காக இது இங்கேதான் இருந்திருக்கிறது. சாப்பிடும்போது, சண்டை போடும்போது, கணவர் தூக்கத்தில் உளறும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சொல். தூங்கி எழுந்தும் தீராத அசதி என்று டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கித் தின்றது இதற்குத்தான்.

அவள் கவனித்துவிட்டது அதற்கும் தெரிந்தது. ஒரு கணம் நிறுத்திக்கொண்டது. பிறகு இன்னும் கொஞ்சம் பக்கத்திலிருந்து தொடர்ந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள். “இறக்கி வச்சா அந்தச் சத்தம் போயிடுமாடா?”

“எப்படிக்கா போகும்? அது அங்கேயேதான் இருக்கும். உனக்குக் கேக்காது, அவ்வளவுதான்.”

அவ்வளவுதான், என்றது அது.

அதன்பின் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அதை மாட்டிக்கொண்டே சமைத்தாள், மாட்டிக்கொண்டே தூங்கினாள். காது மடல் புண்ணானது. “குளிக்கும்போதாவது கழட்டுவியா, இல்ல அதுக்கும் ஒரு உறை வாங்கணுமா?” என்றார் கணவர். குளிக்கும்போது கழற்றினாள். தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டுக்கொண்டு, இடது காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, அவசர அவசரமாக. தண்ணீருக்கு அடியிலும் அது கேட்டது. கூடத்தில் கணவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்தபின் அது சொல்லவில்லை. கூடவே சொன்னது. இரண்டு குரலும் ஒரே அடியாக விழுந்தன. அவருடைய கனைப்பைக்கூட அது விடவில்லை.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தபோது, கணவர் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“இப்பதான்மா பாட்டு பாட்டு மாதிரி இருக்கு. உன் தம்பி போட்ட கோணல் எல்லாத்தையும் அழிச்சு நேராக்கிட்டேன். காது புண்ணாப் போற அளவுக்கு என்னத்தைத்தான் கேக்கறியோன்னு பாத்தேன்.”

அழிச்சிட்டீங்களா?

அவள் திடுக்கிட்டாள். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி இடது பக்கத்திலிருந்து வந்தது. அவள் குரலில்.

“அழிச்சிட்டீங்களா?” என்றாள் அவள். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

“நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்,” என்றார் அவர் பாவமாக. அதையும் அவள் ஒரு கணம் முன்பே இடது பக்கம் கேட்டிருந்தாள்.

தம்பி போனை எடுக்கவில்லை. மத்தியானம் ஜன்னல்களைச் சாத்தினாள். விசிறியை நிறுத்தினாள், ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள், கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள். சோதனையை மறுபடி தொடங்கினாள். பொத்தான்மேல் கட்டைவிரல். வலது காது முடிந்தது. இடது காது. கொசு மாதிரி ஒரு கூவல். அழுத்தினாள். இன்னொன்று, இன்னும் தாழ்வாக. அழுத்தினாள். பிறகு ஒன்றுமில்லை. அந்த இடம் இதுதான். இங்கேதான் பள்ளம். பேசு, என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு வார்த்தை பேசு, அழுத்திவிடுகிறேன்.

அது பேசவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அவளுக்கு அது தெரிந்தது. ஒளிந்துகொண்டிருக்கும் ஒருவர் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது அந்த மௌனத்துக்கு ஒரு கனம் இருக்குமே, அந்தக் கனம் இடது தோளில் இருந்தது.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. இடது கோட்டில் பள்ளம் இல்லை. இடது காதில் இறக்க வேண்டியது எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

கையால் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியாகக் கீழே இழுத்தாள். பள்ளம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று நினைவில்லை. எல்லாப் புள்ளிகளையும் அடிவரை இழுத்தாள். வீடு மங்கியது. தெரு மங்கியது. தன் மூச்சே யாருடையதோ போல் தூரப் போனது.

அது மட்டும் தெளிவாகக் கேட்டது. இப்போது அதை மறைக்க எதுவும் இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது.

பால் இல்ல, கீழ போயிட்டு வந்துடறேன், என்றது அது, கணவரின் குரலில்.

கூடத்தில் செருப்பு உரசியது. சாவிக்கொத்து.

“பால் இல்ல, கீழ போயிட்டு வந்துடறேன்,” என்றார் கணவர். “நீ கொஞ்சம் படுத்துக்கோ. முகமே சரியில்ல.”

போகாதீங்க என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார். அவள் யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. படியில் அவருடைய காலடி இறங்கியது. ஒரு தளம். ஒரு திருப்பம்.

இனி வீட்டில் பேச ஆள் இல்லை. அது சொல்வதற்கு எதுவும் இல்லை.

காலடி இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

இடது பக்கம் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. நீளமாக. ஏதோ ஒன்று நகர்ந்தது. தோளுக்கு மேலிருந்து முன்பக்கம்.

அவள் எழ நினைத்தாள். நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

முன்னாலிருந்து கணவரின் குரல் வந்தது. படியேறி வந்தவர்போல் இரைத்தது. உடைந்திருந்தது. தம்பியோடு போனில் பேசும்போது வரும் குரல்.

டேய், பால் வாங்கத்தான்டா போனேன். கதவு பூட்டுனது பூட்டுனபடி இருக்கு. ஹெட்ஃபோன் மேசைமேலயே இருக்கு, நாற்காலி இன்னும் சூடா இருக்குடா... உங்க அக்கா எங்கடா?