நாழிகையப்பனின் முறை

"நீ தொட்டிருக்கே. தொடாம எப்படி நிக்கும்?"

"தொடலைன்னு எத்தனை தரம்—"

"பின்ன, தானா நின்னுடுத்தா?"

"அதைத்தானே நானும் கேக்கறேன். கத்தாதீங்கோ, கீழ் வீட்டுல கேக்கும்."

சுந்தரேசன் வாயை மூடிக்கொண்டார். வைதேஹி பூஜையறைத் தரையில் இருந்த பித்தளை அண்டாவைப் பார்த்தாள். அண்டாத் தண்ணீரில் ஒரு சின்னச் செப்பு வட்டில். அடியில் ஊசி முனை அளவு துளை. அதன் வழியே தண்ணீர் ஏறி, வட்டில் நிறைந்து மூழ்கி, 'டங்' என்று அடியில் உட்காரும். எடுத்துக் கொட்டி மறுபடி மிதக்கவிட வேண்டும். நாழிகையப்பனுக்கு வேறு உருவம் கிடையாது. காலமும் அவன், காலனும் அவன். அந்த 'டங்' அவன் மூச்சு.

இன்றைக்கு வட்டில் விளிம்பு வரை நிறைந்திருந்தது. மூழ்கவில்லை.

அப்பனுக்குப் பூசை செய்பவரை முறைக்காரர் என்பார்கள். சுந்தரேசன் வீட்டு ஆண்கள் வழிவழியாக முறைக்காரர்கள். சர்க்கார் ஆபீஸில் கோப்பு பார்த்தபோதும் அவர் முறை தவறியதில்லை. வட்டில் நின்றால் முறைக்காரரின் காலம் முடிந்தது என்று பொருள். அவர் தண்ணீரில் கைவைப்பார், அதோடு சரி. அவருடைய அப்பா அப்படித்தான் போனார்.

அது உறைத்ததும் வைதேஹியின் கோபம் வடிந்துவிட்டது.

"ஏன்னா, ஜெயந்துக்குப் போன் பண்ணட்டுமா? பிள்ளை முகத்தையாவது பாத்துட்டு..."

"சாதம் இருக்கா?" என்றார் அவர். "பசிக்கறது."

ஒரு மாதமாகக் கஞ்சி கூட இறங்காத மனுஷர், குழம்பை ஊற்றிப் பிசைந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கவளம் கவளமாக உருட்டிப் போட்டுக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நவம்பர்ப் புகை மத்தியானத்தையே சாயங்காலமாக்கி, எதிர் பிளாக்கை முழுசாக விழுங்கியிருந்தது. வைக்கோல் எரிந்த வாடை திரைச்சீலையில் ஏறியிருந்தது. அந்த வாடைக்கும் அடியில் இன்னொன்று, நாள்பட்ட செம்பும் பாசியும் கலந்த ஈர வாடை, பூஜையறையிலிருந்து தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. கீழே "ஆலூ, கோபி" என்று கூவிக்கொண்டிருந்த காய்கறித் தள்ளுவண்டிக்காரன் பாதிக் கூவலில் நின்றுபோனான். லிஃப்டின் முனகல் இல்லை. ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை. அவர் மெல்லும் சத்தம் மட்டும்.

மோர் ஊற்றக் கையை நீட்டியவள் தன் விரல்களைக் கவனித்தாள். நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தன, வெகுநேரம் துணி தோய்த்த மாதிரி. காலையிலிருந்து அவள் துணியே தோய்க்கவில்லை.

"இதென்ன, என் கை இப்படி..."

சுந்தரேசன் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

உள்ளறையில் யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். சளி பிடித்த குழந்தையாக அதைத் தோளில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறாள். நொய்டாவில் ஆபீஸில் இருக்க வேண்டிய பிள்ளை. கதவைத் தள்ளினாள். கட்டிலில் ஜெயந்த். ஈர வேஷ்டி. நெற்றி நிறைய விபூதி. முறை ஏற்றவனின் கோலம்.

"எப்படா வந்தே?"

"நீ மதர் டெய்ரிக்குப் பால் வாங்கப் போயிருந்தப்போ, மா."

"அப்போ கார்த்தால போன் பண்ணினது?"

அவன் ஈர வேஷ்டி நுனியை முறுக்கினான்.

இந்த வீட்டில் யாரும் யாரிடமும் மணி கேட்பதில்லை, சொல்வதுமில்லை. புது முறைக்காரன் கேட்டு, ஒருவர் வாயால் சொல்லிவிட்டால், சொன்னவர் தன் காலத்தை அவன் கையில் கொடுத்ததாக நாழிகையப்பன் எடுத்துக்கொள்வான். பழைய முறைக்காரருக்குப் பதிலாகச் சொன்னவர் போவார். காலையில் ஜெயந்த் பதறிக்கொண்டு கேட்டான்: "மா, ஆபீஸ் கேப் போயிடுமோ என்னவோ, மணி என்ன? ஜல்தி சொல்லு." பெற்ற வாய். யோசிக்குமுன் சொல்லிவிட்டது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவன் எதற்கு மணி கேட்கிறான்?

"நாந்தான் கேக்கச் சொன்னேன்," என்றார் சுந்தரேசன், பின்னாலிருந்து. கை அலம்பிய ஈரத்தைத் துண்டில் துடைத்தபடி.

"உன்னை இதுல மாட்டிவிடக் கூடாதுன்னுதானேடா," என்றாள் அவள் பிள்ளையிடம், "பூசா ரோடு தமிழ் ஸ்கூல் பக்கமே அனுப்பாம வளத்தேன். எழுத்து தெரிஞ்சாத்தானே அப்பா மந்திர ஏட்டைக் கையில குடுப்பார்னு."

"அதான் மா பிராப்ளம்." அவன் குரல் சின்னதாக இருந்தது. "முறை எப்படியும் எனக்குத்தான் வரும், யாராலும் தடுக்க முடியாதுன்னு அப்பா சொல்றார். எனக்குத் தமிழ் படிக்க வராது. மந்திரம் தப்பினா நான் போயிடுவேனாம். அப்பா இருந்து வாயால சொல்லிக் குடுத்தாத்தான் உண்டு. நீ... உனக்கு ஒண்ணும் தெரியாதே, மா."

அச்சா. அப்படியா.

கால்கள் நடந்தன. அவளைக் கேட்கவில்லை. பூஜையறை. ஈர வாடை. வாசல் நிலையைப் பிடித்தாள். சுருங்கிய விரல்கள் வழுக்கின.

பின்னால் யாரும் வரவில்லை. உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

அண்டா அசையாமல் இருந்தது. வட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு நடுவே, ஒரு பள்ளம். பிசைந்த மாவில் கையை அழுத்தி எடுத்தாற்போல. ஐந்து விரல். மணிக்கட்டு. வளையல் படிந்த வரி கூட. நாலா பக்கமும் தண்ணீர் சுவராக நின்றது, மூடவில்லை. காத்திருந்தது.

அவள் முட்டி மடங்கியது. வலது கை தானாக நீண்டது. பொருந்தியது, தைத்துவைத்த ரவிக்கை மாதிரி. தண்ணீர் மூடிக்கொண்டது. உள்ளிருந்து இன்னொரு கை விரல்களைக் கோத்துக்கொண்டது.

வட்டில் மெல்ல மூழ்கத் தொடங்கியது.

அவள் தலையைத் திருப்பி, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"ஜெயந்த், நாப்பது வருஷமா இந்தச் சுவருக்கு அந்தண்டை நின்னு கேட்டுண்டிருக்கேன், முழு மந்திரமும் எனக்கு மனப்பாடம்டா, ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"