பாதியை விழுங்கிய கம்ப்யூட்டர்

"எம் பட்டறையில ஒரு துரோகி கீறா மேடம். கையும் களவுமா புடிச்சிக் குடுங்க!" என்றபடியே வேம்புலி பிரசன்னாவின் அண்ணனூர் வீட்டுக்குள் நுழைந்தார். அம்பத்தூரில் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவர். பிரசன்னா ஆர்வத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் மனைவி ஜெபாவுக்கு வார நாளில் ஐ.டி. வேலை, சனிக்கிழமையானால் துப்பு துலக்கும் வேலை. முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

விஷயம் இதுதான். பட்டறையின் பெரிய லேத்தை ஓட்டுவது முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர். பென் டிரைவெல்லாம் அது கண்டதில்லை. லேப்டாப்பிலிருந்து சீரியல் கேபிள் வழியாக புரோகிராமை எழுத்தெழுத்தாக ஊட்ட வேண்டும். ஊட்டுபவள் யுவராணி. ஆயுத பூஜைக்குப் பிறகு புரோகிராமில் வரிகள் காணாமல் போகின்றன, இரும்பு வீணாகிறது. அந்த வாரம்தான் எதிர் கம்பெனிக்காரன் அவளை வேலைக்குக் கூப்பிட்டானாம்.

"வேணும்னே கெடுக்கிறா. இன்னியோட தொரத்திடுவேன்" என்றார் வேம்புலி.

பட்டறையில் யுவராணி அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள். "ரெண்டு பசங்கள வச்சிகினு தனியா கீறேன்க்கா. இந்தப் பேரோட போனா இந்த இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல எவன் வேல குடுப்பான்?"

"லேப்டாப்புல வைரஸ்தான்!" என்றான் பிரசன்னா.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள் ஜெபா. யுவராணியை வாசலில் நிற்கவைத்து, வேம்புலியையே லேப்டாப்பில் அனுப்பும் பட்டனை அழுத்தச் சொன்னாள். சின்ன புரோகிராம் முழுசாகப் போனது. பெரியதில் ஆரம்பம் சுத்தம். போகப் போக ஓட்டை.

"இப்போ கெடுத்தது யாரு சார்? நீங்களா?"

ஜெபா டார்ச்சோடு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தாள்.

"இங்க ஸ்பேனர் பெட்டியில கூட பொட்டு மேல பொட்டா பல வருஷச் சந்தனம் காய்ஞ்சிருக்கு. இந்தக் கேபிள்ல மட்டும் ஒரே பொட்டு. போன வருஷப் பூஜையை இது பார்க்கவே இல்லை. பழசு எங்கே?"

"அதுவா... டேப்பு சுத்திகினு அசிங்கமா கெடந்துச்சி. சாமி காரியமாச்சேன்னு நான்தான் தூக்கிப் போட்டு புச்சு மாட்னேன்."

"அன்னிக்கி நா லீவுக்கா. எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள் யுவராணி வாசலிலிருந்து.

ஜெபா கேபிள் முனையைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே மூன்றே ஒயர். "இந்தக் கம்ப்யூட்டர் கிழவனுக்கு வாய் சின்னது. நிறைஞ்சா 'பொறு'ன்னு லேப்டாப்புக்குச் சொல்லத் தனி ஒயர் வேணும். இதுல அது இல்லை. எப்பவும் 'அனுப்பு, அனுப்பு'ன்னே சொல்ற மாதிரி கேபிள் செஞ்சவன் முடிச்சுப் போட்டிருக்கான். சின்ன புரோகிராம் வாய்க்குள்ள அடங்கிடுச்சு, பெருசு வழிஞ்சிடுச்சு."

குப்பைச் சாக்கிலிருந்து பழைய கேபிள் வந்தது. மாட்டியதும் லேப்டாப் நின்று நின்று ஊட்டியது, ஓர் எழுத்தும் சிந்தவில்லை. அடேயப்பா! அந்தக் கிழட்டு இயந்திரம் எவ்வளவு நிதானமாகக் கேட்டு வாங்குகிறது! அதைவிட நிதானமாக நின்ற மனைவியைப் பார்த்து பிரசன்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"திங்கக்கெழம எப்பவும்போல வந்துரும்மா" என்றார் வேம்புலி, தரையைப் பார்த்தபடி.

யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வரேன் மொதலாளி. ஆனா நா கெடுத்தேன்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்க. இல்லன்னும் எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

வேம்புலி போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். எல்லா லேத்தும் நின்றன. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அல்லாரும் இங்க வாங்கப்பா" என்றார் உரக்க. "யுவராணி ஒண்ணும் கெடுக்கல. கெடுத்தது நானு."