கேக்குதுங்க

சுவர்க்கடிகாரம் நின்று இரண்டு நாளாகியிருந்தது. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை.

டாக்டர் இளவரசன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், கீழே செருப்புக்கடையும் மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டும் இருக்கிற கட்டடத்தின் நடுமாடியில் காது மூக்கு தொண்டை கிளினிக் நடத்துகிறவனுக்கு, சத்தம் வாடகையோடு சேர்த்துக் கிடைத்த வசதி. பேர் இளவரசன், தலையில் கிரீடமும் கிடையாது, முடியும் கிடையாது. ஏணிக்குப் பதிலாக நோயாளி ஸ்டூலின் மேல் ஏறி நின்று கடிகாரத்தைக் கழற்றினான். பேட்டரியை எடுத்தான். நாலு பத்தில் முள் செத்துக் கிடந்தது.

டிக். டிக்.

கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனான். சத்தம் கூடவே வந்தது. வாஷ்பேசினுக்குப் போனான். அங்கேயும் வந்தது. உற்றுக் கேட்டால் அது டிக் டிக்கும் இல்லை. கனத்த ஈரத்துணியைத் தூரத்தில் யாரோ அவசரமில்லாமல் கல்லில் அடிப்பதைப்போல டப், டப் என்று, வலது பக்கமாக மட்டும், அவனுடைய நாடிக்கு ஒத்துப்போய் அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளாங்க? சளி புடிச்சிருந்துச்சா? டீயக் கம்மி பண்ணுங்க," என்று கண்ணாடியில் தெரிந்த வழுக்கைத்தலை நோயாளிக்கு வைத்தியம் சொன்னான். பதினாறு வருஷமாக ஊருக்கே சொன்ன வைத்தியம் எவ்வளவு உதவாதது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரை விலகியது. ஜெயசுதா தலையை நீட்டினாள். பதினொரு வருஷமாக வெளியே டோக்கன் நோட்டு எழுதுகிறவள். அவனைக் கிண்டல் செய்ய முழு உரிமை பெற்றவள்.

"கூப்டீங்களா சார்?"

"இல்லியே."

"அடுத்து யாருன்னு கேட்டீங்களே."

"நான் கடிகாரத்தோட பேசிக்கினு இருந்தேன்."

"அதான பாத்தேன். கொரலு உள்ள போயிருந்துச்சு. தொண்டை டாக்டருக்கே தொண்டை கட்டிக்கிச்சான்னு நெனச்சேன்."

அழைப்பு மணி ஆடி மாசமே செத்துப்போனது. அதற்குப் பிறகு அவன் உள்ளேயிருந்து "அடுத்து யாரு?" என்று குரல் கொடுப்பான், அவள் நோட்டைப் பார்த்து உரக்கப் பேரைப் படிப்பாள், பேருக்கு உரியவர் உள்ளே வருவார். நாளின் கடைசிப் பேர் எப்போதும் ஒன்றேதான். ஆறு மணிக்கு டியூஷன் முடிந்து வருகிற அவன் மகள், நோட்டில் தன் கையாலேயே எழுதிவிடுவாள்: தமிழ்மொழி, வயது 8, வியாதி பசி. அவன் முறைப்படி அவள் காதில் லைட் அடித்துப் பார்த்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு பரோட்டா, சாப்பாட்டுக்குப் பின் ஒரு பரோட்டா என்று சீட்டு எழுதுவான். நாளெல்லாம் பார்த்ததில் அவனுக்குப் பிடித்த கேஸ் அதுதான். கேள்வி முடியும் முன்னே பதில் சொல்லிவிடுகிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே பரிசும் வாங்கியிருக்கிறாள், திட்டும் வாங்கியிருக்கிறாள். இப்போதும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது, ஷூ பெஞ்சுக்காலில் தட்டுகிற சத்தத்தில் தெரிந்தது. டக், டக்.

'அடுத்து யாரு' என்று நான் கேட்கவில்லையே என நினைத்தான். நாளைக்கு அறுபது தடவை சொல்கிற வார்த்தை, தெரியாமல் ஒரு தடவை வாயிலிருந்து விழுந்திருக்கலாம் என்றும் நினைத்தான். இரண்டாவது நினைப்பில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

"மலையிலேர்ந்து ஒரம்மா வந்துக்குது சார்," என்றாள் ஜெயசுதா. "டோக்கன் வாணாமாம். உங்களப் பாத்து ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுதாம்."

அந்த அம்மா உள்ளே வருவதற்கும் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. மழைக்காலத்து ஆறரை மணி, ஜன்னலில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் வைத்திருந்தது. நனைந்த துண்டு, விறகுப்புகை, கூடவே பச்சைக் கடுக்காய் வாசனை. முகம் தெரிவதற்கு முன்னால் அந்த வாசனையிலேயே அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாவாயி. காத்தானின் மனைவி. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தடவை பார்த்திருந்தான்.

மூன்று வாரமாக அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள். எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஆள்.

மூன்று வாரத்துக்கு முன் வெள்ளிமலைப் பக்கத்தில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இலவச முகாம். மதியத்துக்குள் தொண்ணூறு பேரைப் பார்த்தாகிவிட்டது. இன்னும் அவ்வளவு பேர் வரிசையில். சாமை பயிரிடுகிற காத்தான், நாற்பது வயசு, வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பண்ணுது?"

"காதுல கேக்குதுங்க."

இளவரசன் சீட்டில் 'இரைச்சல்' என்று எழுதினான்.

"இரைச்சல் இல்லீங்க. கேக்குது."

"அதத்தான எழுதிக்கிறேன்."

"ஒம்பது வருசமாக் கேக்குதுங்க டாக்டரே."

"ஒம்பது வருசமா எம் பொண்டாட்டி சொல்றதே எனக்குக் கேக்கல. உங்களுக்குப் பரவால்ல, நல்லாக் கேக்குது."

வரிசை முழுக்கச் சிரித்தது. காத்தான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் இளவரசனைத் தூங்க விடுவதில்லை.

காத்தானின் காதில், செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. நாடியோடு சேர்ந்து துடித்தது. காதுக்கடியில் ஓடும் ரத்தக்குழாயை ஒட்டி வளர்கிற கட்டி அது, லட்சங்களில் ஒருத்தருக்கு வருவது; சில குடும்பங்களில் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும். கீழேயிருந்து சிவந்து எழுவதால் பாடப்புத்தகத்தில் அதற்கு உதயசூரியன் அடையாளம் என்று பேர். தேர்தல் சமயத்தில் வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அதனாலேயே மறக்காது. அவன் மறந்தான். ஊசியால் தொடாதே, இடுக்கியால் கிள்ளாதே, முதலில் ஸ்கேன் எடு: பன்னிரண்டு மார்க் கேள்விக்குப் பதினொன்று வாங்கியவன்தான். விளக்கு மங்கலாக இருந்தது. வரிசை நீளமாக இருந்தது. பழைய சீழ்க்காதில் வளர்ந்த சதை என்று நினைத்து, சோதனைக்கு அனுப்ப ஒரு துணுக்குக் கிள்ளினான்.

குழாயைத் திறந்துவிட்டதைப்போல இருந்தது.

பஞ்சைத் திணித்து, விரலால் அழுத்திப் பிடித்தபடியே ஆம்புலன்ஸில் கூடவே மலையிறங்கினான். கொண்டை ஊசி வளைவுகளில் காத்தானின் தலை அவன் மடியில் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் உருண்டது. அடிவாரம் தெரிகிற இடத்தில் காத்தான் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, வலது காதருகே வாயை வைத்தார்.

"உங்க பேரு இன்னாங்க டாக்டரே?"

"இளவரசன்."

"இளவரசன்," என்றார் காத்தான். அவனிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்குள்ளே உட்கார்ந்திருக்கிற யாருக்கோ எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. உடனே அந்த முகம் தெளிந்தது. நிழலுக்கு வந்த ஆளைப்போல ஒரு மூச்சு விட்டார். அதுதான் கடைசி.

மன்னித்துவிட்டார் என்றுதான் இளவரசன் அதற்கு அர்த்தம் செய்துகொண்டான். மனைவியிடம் அப்படித்தான் சொல்லி அழுதான்.

"அம்மா, நான் பண்ணது..." என்று இப்போது பாவாயியிடம் ஆரம்பித்தான்.

"அதுக்கு வரலீங்க," என்றாள் பாவாயி. ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசில அவுரு யாரு பேரையாச்சும் சொன்னாரா?"

"ஏம்மா கேக்குறீங்க?"

"அது கேக்குமுங்க. அடுத்து யாரு, அடுத்து யாருன்னு ராவும் பகலும் கேட்டுக்கினே இருக்கும். எம் மாமனாருக்குக் கேட்டுச்சு. தாங்க முடியாம, பெத்த புள்ள பேரச் சொல்லிட்டாரு. அவுருக்கு நின்னுபோச்சு, அன்னிக்கே எங்க வூட்டுக்காரருக்கு ஆரம்பிச்சுது. இவுரு ஒம்பது வருசமாப் பல்லக் கடிச்சுக்கினு இருந்தாரு. எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க."

மழை ஜன்னல் கம்பியில் வழிந்தது.

கேக்குது. இரைச்சல் இல்லீங்க, கேக்குது. சத்தம் வருகிறது என்று காத்தான் சொல்லவே இல்லை. கேள்வி வருகிறது என்று சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சரியாகத்தான் சொன்னார். படித்தவன்தான் தப்பாக எழுதினான்.

"உங்க பொண்ணு பேர அவுரு சொல்லலம்மா," என்றான். "சத்தியமா சொல்லல."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கி அடங்கியது. அப்புறம்தான் கேட்டாள்.

"அப்ப யாரு பேர?"

தன் வலது கை காதைப் பொத்திக்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. நெடுநேரம் அந்தக் கையையே பார்த்தாள். எழுந்து, கொண்டுவந்திருந்த சாமைப் பையை மேசையில், செத்த கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அது கேக்குறப்ப யாரும் ஒரு பேரச் சொல்லிடக்கூடாதுங்க. நீங்களும் சரி, பக்கத்துல இருக்குறவங்களும் சரி. கேட்டாக் கேக்கட்டும்." திரையருகில் நின்றாள். "எங்க வூட்டுக்காரர மன்னிச்சுருங்க டாக்டரே."

மன்னிப்புக் கேட்கவேண்டியவன் அவன்; கேட்டது அவள். அவள் படியிறங்குகிற சத்தம் தேய்ந்தது.

டப். டப்.

சரி, படித்தவன் படித்ததைச் செய்யவேண்டும். கழுத்தில், தாடைக்குக் கீழே, ஓடுகிற குழாயை இரண்டு விரலால் அழுத்தினான். சத்தம் நின்றது. அழுத்தினால் நிற்பது ஒரு அடையாளம், புத்தகத்தில் இருக்கிறது. விரலை எடுத்தான். மறுபடி வந்தது. முன்னைவிடக் கிட்டத்தில் வந்தது.

செல்போனில் மாட்டுகிற சின்னக் காமிராவை எடுத்துத் தன் காதுக்குள்ளேயே விட்டான். திரையில் தோல் சுரங்கம் ஒன்று விரிந்தது. ரோமம், அழுக்கு. அடுத்தவன் காதை எட்டிப் பார்த்தே பிழைக்கிறவன் காதில் இவ்வளவு அழுக்கு என்று சிரிக்கப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். செவிப்பறை, முத்துச்சிப்பி நிறத்தில். அதற்குப் பின்னால், கீழே, பிறை வடிவத்தில் சிவப்பு.

துடித்தது.

இது வளர வருஷக்கணக்காகும். மூன்று வாரத்தில் வராது. ஒட்டுவாரொட்டி கிடையாது. காலையில் முதல் பஸ்ஸில் சேலம் போய் ஸ்கேன் எடுக்கவேண்டும். நல்ல சர்ஜனாகப் பார்க்கவேண்டும். யாரையும் கிள்ள விடக்கூடாது. இப்படி ஒவ்வொன்றாகத் தனக்கே அடுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தத் துடிப்புக்கு நடுவில் இருந்த இடைவெளி மாறியது. இரண்டு அடி. ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு அடி. ஈரத்துணிச் சத்தம் மெல்ல மெல்ல உருத்திரண்டு, வாய் முளைத்து, எழுத்தாகக் கூடியது.

அடு. த்து.

யா. ரு.

அவனுடைய குரல். மதியம் பசியோடு, அலுப்போடு, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வரிசையைப் பார்த்து அவன் கேட்ட அதே குரல்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பல்லைக் கடித்தான். கேட்கட்டும். காத்தான் ஒன்பது வருஷம் தாங்கினார். நானும் தாங்குவேன். ஒரு பேரும் சொல்லமாட்டேன். ஒரு பேரும்.

அடுத்து யாரு?

வெளியே ஷூ தட்டுகிற சத்தம். டக், டக்.

அப்போதுதான் பன்னிரண்டாவது மார்க் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு எழுதாமல் விட்ட வரி. மற்ற காதுச் சத்தங்கள் எல்லாம் நோயாளிக்கு மட்டுமே கேட்கும். இந்தக் கட்டியின் சத்தம் சில சமயம் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.

கூப்டீங்களா சார்.

பாய்ந்தான். ஸ்டூல் உருண்டது. சாமைப் பை சரிந்து தரையெல்லாம் சிதறி, கால் வழுக்கியது. கத்தவேண்டும். வாயைத் திறந்தால் என்ன பேர் வருமோ. ஜெயசுதா, படிக்காதே. அதுவே ஒரு பேர். திறக்கப்போன வாய் திறக்கவில்லை.

அடுத்து யாரு?

திரைக்கு அந்தப்பக்கம் செல்போன் டார்ச் வெளிச்சம். நோட்டுத் தாள் புரளும் சத்தம். தினமும்போல உரக்க, பாதிச் சிரிப்போடு, ஜெயசுதாவின் குரல்:

"தமிழ்மொழி, சார். வயசு எட்டு. வியாதி பசி."

நின்றது.

துப்புரவாக நின்றது. காதுக்குள் மழை மட்டும் பெய்தது. தூரத்தில் நடத்துனர் ஒருவர் உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை என்று கூவுவது தெளிவாகக் கேட்டது. மூன்று வாரத்தில் இப்படி ஒரு நிம்மதி அவன் காதுக்குக் கிடைத்ததில்லை.

ஷூ தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது.

திரை விலகியது. இடுப்பளவு உயரத்தில், டார்ச் வெளிச்சம் பக்கவாட்டில் முகத்தில் அடிக்க, மகள் நின்றாள். குளிக்கும்போது தண்ணீர் புகுந்துவிட்டால் சாய்ப்பதைப்போலத் தலையை வலப்பக்கம் சாய்த்திருந்தாள். ஒரு விரல் காதுக்குள்.

"அப்பா, கேக்குதுப்பா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

இருட்டில் அது அவளுக்குத் தெரியவில்லை. விடை தெரிந்த கேள்வி வகுப்பில் வந்துவிட்டதைப்போல அவள் முகம் மலர்ந்தது. கண்கள் அவன் இருந்த இருட்டின்மேல் நிலைத்தன. வாய் திறந்தது.