காற்றைப் பார்த்து நிற்பவை

உமைரா டேபிள் ஃபேனைச் சன்னல் பக்கத்திலிருந்து அலமாரிப் பக்கம் மாற்றி வைத்தாள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த புருஷன் ஃபாயிஸின் முகமும் சன்னல் பக்கத்திலிருந்து அலமாரிப் பக்கம் திரும்பியது.

தூக்கத்தில் யார்தான் புரள்வதில்லை என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஆனால் அவன் புரளவில்லை. உடம்பு போட்டது போட்டபடி கிடக்க, கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பிக் காற்று வந்த பக்கம் நின்றது. ஃபேனைக் கால்மாட்டுக்கு நகர்த்திப் பார்க்கலாமா என்று கை போனது. பயமாக இருந்தது. விட்டுவிட்டாள்.

தெருவில் மற்றவர்களின் புருஷன்மார் வளைகுடாவிலிருந்து கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தபோது, அவள் புருஷன் கொண்டுவந்தது ஒரு பைனாகுலர். ஷார்ஜாவில் வேலை முடிந்ததும் துறைமுகத்து ஓரம் நின்று கடற்காகங்களைப் பார்ப்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதலாம். விருத்தாசலத்தில் கடலுக்கு எங்கே போவது? ஞாயிறு தவறாமல் பைக்கை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பு தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடுவான். பக்கத்து வீட்டு அம்சவல்லி அக்கா கூட, "ஒன் சக்களத்தி றெக்கையோட இருக்கிறா" என்று கேலி செய்வாள். உமைராவும் சிரிப்பாள்.

குளிர்காலத்துக்கு வந்த கடற்காகங்கள் பங்குனியில் கிளம்பிப் போனபின், ஆலா என்கிற கடற்பறவைகள் முட்டையிடும் காலம் வந்தது. கரையில் இட்ட முட்டைகளை நாய்கள் தின்றன. முகத்துவாரத்துக்கு அப்பால் இருந்த மணல்திட்டுக்கு நாய் வராது, ஆனால் ஆலாக்களும் அங்கே இறங்கவில்லை. ஃபாயிஸுக்கு யோசனை வந்தது அப்போதுதான். உமைரா பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிறவள். பீங்கானில் ஆலா செய்தால் என்ன?

முதலாளியிடம் கேட்டு அச்சு எடுத்து, கருப்புத் தொப்பியும் மஞ்சள் அலகும் அவளே தீட்டினாள். கருவிழியின் மேல்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி விழுந்தால்தான் பொம்மைக்கு உயிர் வரும்.

"ஒன்னு எறங்கியிருக்கிறதப் பாத்தாதான் மத்தது நம்பி எறங்கும்," என்றான் ஃபாயிஸ். "குழி தோண்டி நட்டு, காத்தப் பாத்து வைக்கணும். பறவைங்க எப்பவும் காத்து வர்ற பக்கம்தான் மூஞ்சிய வச்சு நிக்கும். மாத்தி வச்சா பொம்மைன்னு கண்டுபுடிச்சிடும்."

"பாவம், ஏமாத்துறீங்களே."

"நல்லதுக்குத்தான புள்ள."

போன ஞாயிறு பொம்மைகளோடு அவனைத் திட்டில் இறக்கிவிட்ட படகுக்காரர் கலியமூர்த்தியால், மாலையில் காற்று முரண்டு பிடித்ததால் திரும்பப் போய் அழைத்துவர முடியவில்லை. விடிந்து போனபோது திட்டில் ஃபாயிஸ் இல்லை. உமைரா தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது அவன் வாசலில் வந்து நின்றான். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு உள்ளே போய்ப் பாயில் படுத்துக்கொண்டான். உயிரோடு வந்தானே, அல்லாவுக்கு நன்றி என்று அவளும் விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவன் பைனாகுலரைத் தொடவில்லை. போட்டதைத் தின்றான். இந்தக் கத்திரி வெயிலில் ஒரு சொட்டு வியர்க்கவில்லை. ஒருநாள் அவன் கணுக்காலை வாசற்படியில் இடித்துக்கொண்டபோது டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. நன்றாக வெந்த பீங்கானைத் தட்டினால் வரும் சத்தம் அது, தினமும் தட்டிப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? பாத்திரம் ஏதோ உருண்டிருக்கும் என்று சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். எதுவும் உருளவில்லை.

வாய் திறந்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சாதிகாவ ஒரு வாட்டி திட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாங்க. சின்னப் புள்ள."

மறுநாளும் கேட்டான். அதே சொற்கள், அதே குரல். ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த மகள் சாதிகாவுக்கு அத்தா என்றால் உயிர். கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளும் இறங்குவாள்.

சனிக்கிழமை கம்பெனியில் சூளை பிரிக்கும் நாள், போகாமல் இருக்க முடியாது. சாதிகாவை அம்சவல்லி வீட்டில் விட்டு, "யாரு வந்து கேட்டாலும் அனுப்பாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது அம்சவல்லி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா எங்கக்கா?"

"நீ அந்தாண்ட போன ஒடனே அவங்க அத்தா வந்து கூட்டிட்டுப் போனாரு. பெத்தவரு வந்து நிக்கிறப்ப எப்படிம்மா வேணாங்கிறது? இப்பதான் வந்தாங்க. ஒங்க வூட்டுல தூங்குறாங்க பாரு."

உமைராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் வீட்டு வாசலில் சாதிகாவின் ரோஸ் செருப்பு கிடந்தது. அதில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

குனிந்து அதைத் தொட்டபோது போன் அடித்தது. கலியமூர்த்தி.

"தங்கச்சி, பாயும் பாப்பாவும் வூட்டுக்கு வந்து சேந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க அண்ணே."

"அப்பாடா. காலையில நான்தான் திட்டுல எறக்கி வுட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு திரும்பப் போனா ஆளக் காணோம். போன வாட்டி மாதிரியே. வேற படகுல ஏறிட்டாரு போல." எதிர்முனையில் கடலும் பறவைகளும் இரைந்தன. "அது கெடக்கட்டும், அந்த ஆளு பொம்மைய நீங்கதான் செஞ்சீங்களா? அச்சு அசல் பாயேதான் போங்க. எனக்கே ஒடம்பு சிலிர்த்துப் போச்சு."

"எந்த பொம்மை அண்ணே?"

"போன வாரம் நட்டுட்டு வந்தாரே, காத்தப் பாத்துக்கிட்டு நிக்குதே அது. அதுக்கப்புறம் பறவைங்க திட்டே தெரியாத அளவுக்கு எறங்குது. இன்னிக்கு சின்னதா இன்னொன்னு நட்டிருக்காரு. பாப்பா மாதிரி, கவுனெல்லாம் போட்டு. எப்பத்தான் படகுல ஏத்துனாருன்னே எனக்குத் தெரியல."

உமைரா செருப்பில் ஒட்டியிருந்த மணலை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒரு குழி தோண்டி வச்சிருக்குது தங்கச்சி. அதுக்கும் பொம்மை வருதா?"

உமைரா போனை அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

வெயிலுக்காகச் சன்னலைச் சாத்தி வைத்திருந்ததால் அறை இருட்டாக இருந்தது. ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் காயப்போட்ட வலையின் கவிச்சியும், அவளுக்கு மிகவும் பழகிய, சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த பீங்கானின் சூடான மண்வாசனையும் கலந்து அடித்தது. பாயில் இருவரும் மல்லாந்து கிடந்தார்கள். எப்போதும் நடுவில் படுப்பவள் சாதிகா. இன்று சுவரோரம் படுத்திருந்தாள்.

நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது.

இரண்டு முகங்களும் அலமாரிப் பக்கம், ஃபேனைப் பார்த்து இருந்தன.

"சாதிகா. சாதிகாம்மா."

அசைவில்லை.

ஃபேனைத் தூக்கினாள். சன்னல் பக்கம் வைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

பெரிய முகம் திரும்பியது. கூடவே சின்ன முகமும்.

கரண்ட் போனது.

ஃபேன் இறக்கைகள் தளர்ந்து நின்றன. அறையில் ஒரே ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அது அவளுடையது.

ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது சாதிகாவின் முகம். நெற்றியில் முடியிழை ஒன்று ஒட்டியிருந்தது. கால் தானாக ஓரடி முன்னே போனது. பாயின் ஓரம் பாதத்தில் பட்டது. அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

இரண்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

கண்கள் திறந்தன. கருவிழியின் மேல்பக்கம், அவள் எப்போதும் வைக்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி.

"ம்மா. நடுவுல வந்து படு."

உமைரா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முகங்கள் அப்படியே நின்று அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தன.